நம்ம பட்ஜெட்டுக்குக் கப்பல் வருமா?

நாகப்பட்டினம் துறைமுகத்தில் வெயில் இன்னும் சூடேறவில்லை. பயணிகள் முனையத்தில், எடை பார்க்கிற இடத்துக்கு முன்னால் ஒரு குடும்பம் பெட்டியைத் திறந்து போட்டு உட்கார்ந்திருக்கிறது. காசில்லாமல் கொண்டுபோகக்கூடிய அளவைப் பெட்டி தாண்டிவிட்டது. பட்டுச்சேலை, வேட்டி, வீட்டில் அரைத்த மிளகாய்ப்பொடி, மணப்பாறை முறுக்கு டின் என்று ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. “அப்பத்தா, முறுக்க நீங்க கையில வச்சுக்கங்க. சால்வைய இப்பவே போத்திக்கங்க” என்கிறான் பேரன். பாட்டி மறுபேச்சில்லாமல் காலை வெயிலில் கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொள்கிறார். மறுபடி எடை வைக்கிறார்கள். எண் இறங்கியதும் குடும்பமே சிரிக்கிறது. அப்புறம் ஸ்கேனர், குடியுரிமைச் சோதனை, கடவுச்சீட்டில் முத்திரை. வெளியே நிற்கிறது ‘சிவகங்கை’. 150 பேர் உட்காரக்கூடிய சின்னக் கப்பல். புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்ப் பெயர் தாங்கிய இந்தக் கப்பல், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் இவர்களை இன்னொரு நாட்டில் இறக்கிவிடும்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் நம் குளத்தூர், கீரனூர் பக்கம் கப்பல் என்றால் ஒரு காலத்தில் பிழைக்கப் போவது. இப்போது சுற்றிப் பார்க்கப் போவது. சென்னையிலிருந்து கிளம்பும் சொகுசுக் கப்பலின் நீச்சல் குளமும் நடன அரங்கும் ஒவ்வொரு கைப்பேசியிலும் ஓடுகின்றன. ‘தலைக்கு இவ்வளவுதான், மாதத் தவணையில் கட்டலாம்’ என்கிறது விளம்பரம். திருச்சி விமான நிலையம் கூப்பிடு தூரத்தில் இருப்பதால், ‘சிங்கப்பூர் போய் அங்கிருந்து கப்பல் ஏறலாமே’ என்கிற யோசனையும் சேர்ந்துகொள்கிறது. நூறுநாள் வேலைச் சம்பளமும் மானாவாரி வெள்ளாமையும் உள்ள ஊரில் இது எத்தனை வீட்டுக்குக் கட்டுப்படியாகும்? ஆகும், கணக்குத் தெரிந்து போனால். அந்தக் கணக்கில் கப்பல் டிக்கெட் ஒரு வரிதான். மீதிச் செலவெல்லாம் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்வதிலும், இறங்குகிற ஊரில் நாம் நடந்துகொள்கிற விதத்திலும்தான் கூடுகிறது அல்லது குறைகிறது.

நார்த்தாமலைக்குக் கடல் புதிதில்லை

குளத்தூர் வட்டத்தில் கடல் கிடையாது. ஆனால், இதே வட்டத்தில் இருக்கிற நார்த்தாமலை, சோழர் காலத்தில் ‘திசையாயிரத்து ஐந்நூற்றுவர்’ வணிகக் குழுவின் முக்கியமான தலம். அந்த ஐந்நூற்றுவர் 1088-இல் வெட்டி வைத்த தமிழ்க் கல்வெட்டு சுமத்ரா தீவின் பாரூஸ் கரையில் கிடைத்திருக்கிறது. பக்கத்துக் கொடும்பாளூரில் மணிக்கிராமத்தார் இருந்தார்கள். மணிக்கிராமத்தார் பெயர் சொல்லும் ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு தாய்லாந்தின் தகோபாவில் கிடைத்தது.

நம் தாத்தாக்கள் காலத்துக்கு வந்தால், ‘ரஜூலா’. 1926-இல் ஓடத் தொடங்கிய இந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனது. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்தபடி போகிறவர்கள் மட்டும் ஒரே நடையில் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். 1970-களில் அதன் இடத்தைப் பிடித்த ‘எம்.வி. சிதம்பரம்’ 1985-இல் நடுக்கடலில் தீப்பிடித்தது, பலர் இறந்தார்கள், அத்தோடு சிங்கப்பூர் கப்பல் நின்றது. இலங்கைப் பக்கம், 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைத் துடைத்துப் போட்டது. ராமேசுவரம் – தலைமன்னார் கப்பல் அதற்குப் பிறகும் ஓடி, போர் மூண்டதும் நின்றது. 2011 ஜூனில் தூத்துக்குடி – கொழும்பு இடையே ‘ஸ்காட்டியா பிரின்ஸ்’ வந்தது. கூட்டம் சேரவில்லை, அந்த ஆண்டே முடிந்தது.

ஆகவே, 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து ‘செரியபாணி’ கப்பல் இலங்கையின் காங்கேசன்துறைக்குப் புறப்பட்டபோது கரையில் நின்று கண் கலங்கியவர்கள் இருந்தார்கள் என்றால் அதில் வியப்பில்லை. அதுவும் ஒரு வாரத்தில் பருவமழையைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டது. 2024 ஆகஸ்ட் 16 அன்று தனியார் நிறுவனத்தின் ‘சிவகங்கை’ வந்தது, மழைக்கு நின்றது, 2025 பிப்ரவரி 22 அன்று மறுபடி கிளம்பியது. நின்று நின்று ஓடுகிற சேவை என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் நாம் திட்டம் போட வேண்டும்.

■ பெட்டிச் செய்தி: நாகை – காங்கேசன்துறை

தூரம்: சுமார் 60 கடல் மைல், அதாவது 110 கிலோமீட்டர். நேரம்: ஏறத்தாழ 4 மணி.
2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டபடி: காலை 7.30-க்கு நாகையில் கிளம்பும், பகல் 1.30-க்குக் காங்கேசன்துறையில் திரும்பக் கிளம்பும். செவ்வாய்க்கிழமை ஓடாது.
அப்போதைய இருவழிக் கட்டணம்: 8,500 ரூபாய். 10 கிலோ வரை காசில்லை. அதற்கு மேல் எடைக்கேற்ற கட்டணம்.
கையில் இருக்க வேண்டியவை: கடவுச்சீட்டு (குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக வேண்டும்), இலங்கையின் ஈ.டி.ஏ. பயண அனுமதி.
வடகிழக்குப் பருவமழையில் சேவை நிற்கும். நேரமும் கட்டணமும் மாறக்கூடியவை. டிக்கெட் எடுக்கிற வாரத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று கப்பல், மூன்று கணக்கு

நம் பக்கத்துக் குடும்பத்தின் கைக்கு எட்டுகிற தூரத்தில் இப்போது மூன்று வகைக் கடல் பயணம் இருக்கிறது.

முதலாவது, மேலே சொன்ன நாகைக் கப்பல். இது ஊர் போய்ச் சேர்க்கிற வண்டி. கேளிக்கை எதுவும் கிடையாது. ஆனால், வெளிநாட்டில் கால் வைக்கிறோம், கடலைக் கடக்கிறோம், போன இடத்தில் தமிழ் பேசியே சமாளிக்கிறோம். முதல்முறை கடல் தாண்டுகிற குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான பயணம் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது, பலரும் மறந்துபோன அந்தமான் கப்பல். அந்தமான் நிர்வாகத்தின் கப்பல்கள் சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் (2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம்) இடையே ஓடுகின்றன. கடலில் ஏறத்தாழ மூன்று நாள். டீலக்ஸ், முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு அறைகள் உண்டு; அடியில் ‘பங்க்’ எனப்படும் வரிசைப் படுக்கை உண்டு. பங்க் டிக்கெட், இந்தியாவில் குறைந்த காசில் கிடைக்கிற நீண்ட கடல் பயணங்களில் ஒன்று. உள்நாடு என்பதால் கடவுச்சீட்டு வேண்டாம், ஆதார் போதும். அங்கே சொகுசை எதிர்பார்த்துப் போகக் கூடாது. பொதுக் கழிவறை, கேண்டீன் சாப்பாடு, கட்டிலுக்குக் கட்டில் குறட்டை எல்லாம் இருக்கும். வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் இரண்டாம் வகுப்பு அறையாவது எடுக்க வேண்டும். இன்னொன்று: போகும்போது கப்பல், வரும்போது விமானம் என்று வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். திரும்பும்போதும் மூன்று நாள் ஆடிக்கொண்டு வந்தால் பயணத்தின் இனிமை போய்விடும். கால அட்டவணை வெகு முன்னதாக வருவதில்லை என்பதால், லீவு வளைந்துகொடுக்கிற ஆட்களுக்கே இது சரிப்படும்.

மூன்றாவதுதான் எல்லோரும் பேசுகிற சொகுசுக் கப்பல். 2022 ஜூன் 4 அன்று சென்னையிலிருந்து முதல்வர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்த கார்டிலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’. 1990-இல் கட்டப்பட்ட கப்பல். 2023 ஜூனில் இது சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கையைச் சுற்றிவந்தது. மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்று வீசி அரபிக்கடல் கொந்தளிக்கிற மாதங்களில்தான் இது நம் பக்கம் வருகிறது. மற்ற நாட்களில் மும்பையில் இருக்கும். ஆகவே, நம் கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கிற சமயத்தில் டிக்கெட் விலை கொஞ்சம் இளகும். வெள்ளி, சனி கடக்காத, வார நடுவில் கிளம்புகிற நடைகளைப் பாருங்கள். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் பெரிய கப்பல்களும் இந்த வகையில் சேரும். அவற்றுக்குத் திருச்சியிலிருந்து விமானம் ஏற வேண்டும்.

விளம்பரத்தில் ஒரு விலை, கடைசியில் ஒரு பில்

‘தலைக்கு 20,000 ரூபாய்’ என்று ஒரு விளம்பரம் சொல்வதாக வைத்துக்கொள்வோம். ‘தலைக்கு’ என்றால், ஓர் அறையில் இருவர் தங்கினால் ஆளுக்கு அவ்வளவு. தனியாகப் போகிறவர் பெரும்பாலும் இருவருக்கான பணத்தையோ, அதை ஒட்டிய தொகையையோ கட்ட வேண்டும். அந்த விலை ஜன்னல் இல்லாத உள்ளறைக்கு. கடல் தெரிகிற அறைக்கு ஒரு விலை, பால்கனிக்கு இன்னொரு விலை. அதற்கு மேல் துறைமுகக் கட்டணம், ஜி.எஸ்.டி., சேவைக் கட்டணம். இவையெல்லாம் பணம் கட்டுகிற கடைசிப் பக்கத்தில்தான் கண்ணில் படும். ஆகவே, ஏஜென்சியில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: “எல்லாம் சேர்த்து, எங்க குடும்பத்துக்கு, கையில கட்ட வேண்டியது எவ்வளவு? தாள்ல எழுதிக் குடுங்க.” வாயால் சொல்கிற தொகைக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

சேவைக் கட்டணத்தை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் பெரிய அமெரிக்க நிறுவனக் கப்பல்களில், அறை சுத்தம் செய்கிறவர், சாப்பாடு பரிமாறுகிறவர் ஆகியோருக்கான அன்பளிப்பு என்று ஆளுக்கு, நாளுக்கு 18 டாலரை ஒட்டிக் கணக்கில் ஏறும். குழந்தைக்கும் உண்டு. நான்கு பேர் கொண்ட குடும்பம் நான்கு இரவு போனால் 288 டாலர். நம் காசில் ஏறத்தாழ 25,000 ரூபாய். விளம்பரத்தில் இந்தத் தொகை வராது. தெரியாமல் போனால் கடைசி நாள் காலையில் கதவிடுக்கில் கிடக்கும் பில்லைப் பார்த்துத் தலை சுற்றும்.

வெளிநாட்டுப் பயணத் தொகுப்பாக வாங்கினால் டி.சி.எஸ். என்று ஒரு வரியை ஏஜென்சி முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும். இது போன பணம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். நமக்கு வருமான வரி விழாது என்றால், கணக்குத் தாக்கல் செய்து இதைத் திரும்பப் பெறலாம். யாருடைய பான் எண்ணில் பிடித்தார்கள் என்று கேட்டு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். விவசாய வருமானம் மட்டும் உள்ள வீடுகளில் வழக்கமாக வரிக்கணக்குத் தாக்கல் செய்ய மாட்டார்கள். அவர்களுக்குத்தான் இந்தப் பணம் கைநழுவுகிறது.

■ பெட்டிச் செய்தி: கப்பலுக்குள் எதற்குத் தனிக் காசு?

டிக்கெட்டில் சேர்ந்தது: அறை, பொது உணவகங்களின் மூன்று வேளைச் சாப்பாடு, நீச்சல் குளம், பெரும்பாலான கலை நிகழ்ச்சிகள். 
தனிக் காசு: மது, குளிர்பானம், தனி உணவகங்கள், மசாஜ், வைஃபை, புகைப்படம், கேசினோ, கப்பல் ஏற்பாடு செய்யும் ஊர்ச்சுற்றல்.
கப்பலில் ரொக்கம் செல்லாது. அறைச் சாவி அட்டையில் கணக்கு ஏறிக்கொண்டே போகும். பிள்ளைகளின் அட்டையில் செலவு வசதியை முடக்கிவைக்கச் சொல்லி வரவேற்பில் முதல்நாளே கேளுங்கள். நாள்தோறும் இரவில் கணக்கைப் பார்த்துவிடுங்கள்.
கரை மறைந்ததும் கைப்பேசியை விமானப் பயண நிலைக்கு மாற்றுங்கள். கப்பலின் செயற்கைக்கோள் அலைவரிசையில் தானாக இணைந்துகொண்டால், நாம் பேசாமலே கட்டணம் விழும்.
மின்சாரக் கெட்டில், இஸ்திரிப் பெட்டி, மதுப் புட்டி ஆகியவற்றை ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். கார்டிலியாவில் சைவமும் ஜைன உணவும் உண்டு. சிங்கப்பூர்க் கப்பல்களிலும் இந்தியச் சாப்பாடு கிடைக்கிறது. நம்ம ஊர் ரசம் சாதத்தை மட்டும் எதிர்பார்க்க முடியாது. எலுமிச்சை ஊறுகாயும் பருப்புப்பொடியும் கொண்டுபோகலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏறிய அன்றைக்கே அபாயப் பயிற்சி நடக்கும். இத்தாலிக் கரையில் 2012 ஜனவரியில் ‘கோஸ்டா கான்கார்டியா’ பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்த பிறகு, கப்பல் கிளம்புவதற்கு முன்பே இந்தப் பயிற்சியை முடிப்பது கட்டாயமாகிவிட்டது. ‘போட்டோ எடுத்துட்டு வரோம்’ என்று நழுவாதீர்கள். உயிர்காப்பு அங்கி எங்கே இருக்கிறது, எந்தப் படகு நமக்கு என்பது வீட்டில் வயதானவர் முதல் பிள்ளை வரை எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இறங்குகிற ஊரில்தான் இருக்கிறது விஷயம்

கப்பல் ஏற்பாடு செய்யும் ஊர்ச்சுற்றலுக்கு விலை அதிகம். அதற்கு ஒரே ஒரு லாபம்: அந்தப் பேருந்து தாமதமானால் பெரும்பாலும் கப்பல் காத்திருக்கும். நாமாகப் போய்த் தாமதமானால் காத்திருக்காது. எனவே, துறைமுகத்துக்கும் ஊருக்கும் எவ்வளவு தூரம் என்று முதலில் பாருங்கள். நடக்கிற தூரம் என்றால் தனியாகப் போங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேருந்து என்றால், கப்பல்காரர்களுடன் போங்கள் அல்லது கப்பலிலேயே இருந்துவிடுங்கள். எல்லோரும் இறங்கிய பிறகு நீச்சல் குளம் காலியாக இருக்கும். அதுவும் ஒரு சுகம்தான். 

பினாங்கு முதல் வகை. சிங்கப்பூர்க் கப்பல்கள் நிற்கிற சுவெட்டன்ஹாம் துறையிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போய்விடலாம். 1833-இல் எழுந்த மாரியம்மன் கோயில், அதற்குச் சற்றுத் தள்ளிக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், வழியெங்கும் தமிழ்ப் பாட்டு. யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிற பழைய நகரம் முழுவதையும் காலால் அளக்கலாம். தண்ணீர்மலை முருகனைப் பார்க்க வேண்டும் என்றால் டவுன்பஸ் இருக்கிறது. ஆனால் 500-க்கும் மேற்பட்ட படி ஏற வேண்டும் என்பதால் நேரத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கிள்ளான் துறைமுகம் இரண்டாவது வகை. கோலாலம்பூர் அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்கும் மேல். இரட்டைக் கோபுரத்தின் முன்னால் ஒரு படம் எடுப்பதற்காகப் பகல் முழுவதையும் டாக்ஸியில் கழிப்பது வீண்செலவு.

சிங்கப்பூரில் ஏறி மலேசியா போய் மறுபடி சிங்கப்பூருக்கே வருவதால், ஒருமுறை மட்டும் நுழையும் விசா போதாது. பலமுறை நுழையும் விசாவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மலேசியா இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் முதல் விசா இல்லாமல் அனுமதி தருகிறது. அந்தச் சலுகை 2026 முடிய என்று நீட்டிக்கப்பட்டிருக்கிறது.

இலங்கையில் திருகோணமலைதான் கப்பல் பயணிக்கு ஏற்ற துறைமுகம். கோணேசர் மலை அருகிலேயே இருக்கிறது. ஆட்டோ பிடித்துப் போய், கோட்டை வாசல் வழியாக மான்கள் மேய்கிற பாதையில் ஏறிப் போய்ச் சாமி கும்பிட்டு, கீழே பாறையில் அலை மோதுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். அம்பாந்தோட்டையில் துறைமுகத்தைச் சுற்றி நடந்து பார்க்க ஒன்றுமில்லை.

இனி காங்கேசன்துறை. நாகைக் கப்பலில் போகிறவர்களின் வாசல் இதுதான் என்பதால் விரிவாகச் சொல்ல வேண்டும். முதலில், காலையில் போய் மாலையில் திரும்ப முடியாது; இறங்குவதற்கும் கப்பல் திரும்புவதற்கும் நடுவில் இரண்டு மணி நேரம்தான். மூன்று இரவாவது தங்குகிற மாதிரி போங்கள். 

துறைமுகத்திலிருந்து வெளியே வந்ததும் மொய்க்கிற வேன்காரர்களிடம் அவசரப்பட்டு ஒப்புக்கொள்ள வேண்டாம். யாழ்ப்பாணம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். பஸ் உண்டு. போரில் சிதைந்த ரயில் பாதை சீரமைக்கப்பட்டு, 2015 முதல் காங்கேசன்துறை வரை ரயிலும் ஓடுகிறது. துறைமுகத்தின் பக்கத்திலேயே மாவிட்டபுரம் கந்தசாமி கோயில். கொஞ்சம் மேற்கே போனால் கீரிமலை. அலை அடிக்கிற கடலுக்கு ஒட்டினாற்போல நன்னீர்க் கேணி. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி. குளித்து, நகுலேசுவரரைக் கும்பிட்டுவிட்டு மாலைக்குள் யாழ்ப்பாணம் போய்ச் சேரலாம். எல்லாவற்றையும் ஒரே ஆட்டோவில் பேசிக்கொண்டால் மலிவு.

யாழ்ப்பாணத்தில் நல்லூர் கந்தசாமி கோயில். ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அங்கே பார்க்க வேண்டியது நேர ஒழுங்கு. குறித்த நேரத்தில் பூசை. ஒரு நிமிடம் முந்தாது, பிந்தாது. ஆடி, ஆவணியில் 25 நாள் திருவிழா. அப்போது அறை கிடைப்பது அரிது, கிடைத்தாலும் விலை ஏறியிருக்கும். 1981-இல் எரிக்கப்பட்டு மறுபடி எழுந்து நிற்கிற பொது நூலகத்தைப் பார்க்காமல் வராதீர்கள். வெள்ளைச் சுவரை வெளியிலிருந்து படமெடுத்துவிட்டுப் போகிறவர்களே அதிகம். உள்ளே போய் மாணவர்கள் குனிந்து படித்துக்கொண்டிருப்பதைப் பாருங்கள். நயினாதீவு நாகபூசணி அம்மனுக்குப் போக, குறிகட்டுவான் இறங்குதுறை வரை பஸ், அங்கிருந்து படகு. உள்ளூர்க்காரர்களோடு நெருக்கியடித்து உட்கார்ந்து போகிற அந்தச் சின்னப் படகுப் பயணம், சொகுசுக் கப்பலைவிட நினைவில் நிற்கும்.

சாப்பாட்டுக்கு, காலையில் இடியப்பமும் சொதியும் சம்பலும். இரவில் கொத்துரொட்டி. அசைவக்காரர்கள் ஒடியல் கூழ் தேடுங்கள்: பனங்கிழங்கு மாவில் மீனும் நண்டும் இறாலும் போட்டுக் காய்ச்சிய உறைப்பான கூழ். புதுக்கோட்டைக் காரம் பழகிய நாக்குக்குக்கூட அது சற்றுச் சுள்ளென்று இருக்கும். வாங்கி வர, பனங்கட்டியும் பனாட்டும். நம் ஒரு ரூபாய்க்கு அவர்கள் காசு மூன்றரையை ஒட்டிக் கிடைக்கிறது. அதனால் விலைப் பலகையைப் பார்த்து முதலில் மிரள வேண்டாம்.

ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும். நாம் சுற்றிப் பார்க்கப் போகிற காங்கேசன்துறையும் கீரிமலையும் அடங்கிய வலிகாமம் வடக்கு, போரால் மக்கள் பல்லாண்டு வீடிழந்து வெளியே கிடந்த மண். உடைந்த சுவர்களின் முன்னால் நின்று செல்ஃபி எடுப்பதைத் தவிருங்கள். அங்கே பேச்சுக்கொடுத்தால் மனம் திறந்து பேசுவார்கள். போரைப் பற்றி நாமாகத் துருவ வேண்டாம்.

கடல் சீறும் மாதங்கள்

ஐப்பசி முதல் மார்கழி வரை வங்கக்கடல் நம் பேச்சைக் கேட்காது. இந்த மாதங்களில் கப்பலுக்கு முன்பணம் கட்டுகிறவர், ரத்தானால் பணம் எப்போது, எப்படித் திரும்பும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். மற்ற மாதங்களிலும் காற்று மாறினால் ஒருநாள் ஓடாமல் போகலாம். திரும்பி வந்த மறுநாளே கல்யாணம், பரீட்சை, விமானம் என்று எதையும் நெருக்கி வைக்காதீர்கள். 

இதில் நம் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வசதி. 2025 மார்ச் இறுதியில் திருச்சி – யாழ்ப்பாணம் நேரடி விமானம் தொடங்கியது. இறங்குகிற பலாலி விமான நிலையம் காங்கேசன்துறைக்குப் பக்கத்திலேயே. போகக் கப்பல், வர விமானம் என்று போட்டால், இறங்கி ஒரு மணி நேரத்துக்குள் குளத்தூருக்கு வந்துவிடலாம். கப்பல் நின்றுபோனாலும் மாற்று வழி இருக்கும்.

துறைமுக அனுமதியும் சில நேரம் சிக்கும். 2022 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பிய சொகுசுக் கப்பலின் திட்டத்தில் புதுச்சேரி இருந்தது; கேசினோ குறித்த எதிர்ப்பால் அரசு அனுமதி கிடைக்கவில்லை. பணம் கட்டியவர்கள் புதுச்சேரியைக் கடலிலிருந்து பார்த்ததோடு சரி. எந்தக் கப்பல் நிறுவனத்தின் நிபந்தனைகளிலும், துறைமுகத்தை மாற்றும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று ஒரு வரி இருக்கும். குறிப்பிட்ட ஊருக்காக மட்டுமே போகிறவர்கள் அந்த வரியைப் படித்துவிட்டுப் போகட்டும்.

■ பெட்டிச் செய்தி: வயிறு புரட்டினால்

கப்பலின் நடுப்பகுதியிலும் கீழ்த்தளத்திலும் ஆட்டம் குறைவு. உள்ளறை மலிவு என்பதோடு இந்த லாபமும் உண்டு. 
ஆட்டம் தொடங்கியபின் மாத்திரை போட்டால் பயன் குறைவு. ஏறுவதற்கு முன்பே போட வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்டே போட வேண்டும். 
வெறும் வயிறும் கூடாது, முட்ட முட்டவும் கூடாது. இரண்டு இட்லி போதும். இஞ்சிமரப்பா, நார்த்தங்காய் உப்பு ஊறுகாய் கையில் இருக்கட்டும்.
கைப்பேசியைப் பார்க்காமல் தூரத்துத் தொடுவானத்தைப் பாருங்கள். 
24 வாரம் தாண்டிய கர்ப்பிணிகளைச் சொகுசுக் கப்பல்களில் பெரும்பாலும் ஏற்றுவதில்லை.
அன்றாட மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டி அறைக்கு வர மாலையாகிவிடும்.

கடன் வாங்கிக் கப்பல் ஏறலாமா?

இந்தக் கட்டுரையில் மிகவும் அழுத்திச் சொல்ல நினைப்பது இதைத்தான். ‘இப்போது போ, பிறகு கட்டு’ என்கிற தவணைத் திட்டங்கள் கிராமம் வரை வந்துவிட்டன. சொகுசுக் கப்பலில் மூன்று இரவு கழித்துவிட்டு ஒரு வருடம் தவணை கட்டுவது, அதுவும் நகைக்கடனும் பயிர்க்கடனும் ஏற்கெனவே உள்ள வீட்டில், வேண்டவே வேண்டாம். மகளிர் குழுக்களில் சுற்றுலாவுக்கென்று தனியாகச் சீட்டுப் பிடித்துச் சேர்ந்து போகிற வழக்கம் நம் பக்கம் வேளாங்கண்ணிக்கும் பழனிக்கும் திருப்பதிக்கும் இருப்பதுதான். அதே சீட்டு நாகைக் கப்பலுக்கும் போதும். குழுவாகப் போனால் யாழ்ப்பாணத்தில் வேன் வாடகையும் அறை வாடகையும் பங்காகும். கடவுச்சீட்டு எடுக்கச் சாதாரண முறையில் பெரியவர்களுக்கு 1,500 ரூபாய் ஆகும். ஒருமுறை எடுத்தால் பத்து வருடம். திருச்சி மண்டல அலுவலகத்தின் கீழ்தான் நம் மாவட்டம் வருகிறது. நாமே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். தெரியாவிட்டால் இ-சேவை மையம் இருக்கிறது. இடைத்தரகருக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டியதில்லை. ஈ.டி.ஏ.வும் அப்படியே: இலங்கை அரசின் தளத்தைத் தவிர வேறெங்கும் பணம் கட்டாதீர்கள்.

போகிறவர்களின் வசதி ஒருபுறம். போக முடியாதவர்கள் இதே மாவட்டத்தில் இருக்கிறார்கள். லேணாவிளக்கு, தேக்காட்டூர், அழியாநிலை மறுவாழ்வு முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர் பலரிடம் கடவுச்சீட்டு கிடையாது. அவர்கள் ஊருக்குப் போவதென்றால் வெளியேறும் அனுமதியும், இலங்கைத் துணைத் தூதரகம் தரும் பயண ஆவணமும் வேண்டும். கீரிமலையில் நாம் நீராடிவிட்டு வந்து படம் காட்டுகிறோம். அந்தக் கேணிக்குப் பக்கத்து ஊரில் பிறந்தவர் நாகை வரை வந்தாலும் ஏற முடியாது. கப்பலை ஓட்ட நிதியுதவி தருகிற அரசு, இவர்களுக்கான ஆவணங்களை முகாமுக்கே போய் எழுதிக் கொடுக்கவும் ஏற்பாடு செய்ய வேண்டும். கடல் வழி திறந்ததன் முழுப் பலன் அப்போதுதான் சேர வேண்டியவர்களுக்குச் சேரும்.

இன்னும் சில சின்னச் சின்ன ஏற்பாடுகள் போதும். காலை 7.30 கப்பலைப் பிடிக்கப் புதுக்கோட்டையிலிருந்து போகிற குடும்பம், இப்போது முந்தைய நாளே நாகையிலோ வேளாங்கண்ணியிலோ அறை எடுக்கிறது. அந்த ஓர் இரவுச் செலவு ஒருவழி டிக்கெட்டில் பெரும்பங்கு. கப்பல் ஓடுகிற நாட்களில் மட்டுமாவது, விடிவதற்குள் நாகைத் துறைமுக வாசலில் இறக்கிவிடுகிற மாதிரி புதுக்கோட்டையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் அரசுப் பேருந்து விட்டால் அந்தச் செலவு மிச்சம். முனையத்துக்கு வெளியே நிழலும், குடிநீரும், பெண்களுக்குக் கழிவறையும் வேண்டும். எந்தத் தேதியில் கப்பல் நிற்கும், எந்தத் தேதியில் மறுபடி ஓடும் என்பதை ஒரு மாதம் முன்னதாக அறிவிக்க வேண்டும். அதுவரை, குளத்தூரிலிருந்து கிளம்புகிறவர்கள் முதல்நாள் மதியமே புறப்பட்டுவிடுங்கள். தஞ்சாவூர், திருவாரூர் வழியாகப் பேருந்து இருக்கிறது. திருச்சியில் ஏறினால் நாகை வரை ரயில் இருக்கிறது. அறைக்கு வேளாங்கண்ணிதான் மலிவு, ஞாயிற்றுக்கிழமையும் செப்டம்பர் திருவிழா நாட்களும் தவிர.